துபாய் வேலைக்குப் போறப்ப சொந்த காரையும் கப்பல்ல ஏத்தலாமா?

கேள்வி: துபாய்ல 18 மாச கான்ட்ராக்ட் கிடைச்சிருக்கு சார். கிரெட்டா வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது, விக்க மனசில்ல. கார்னெட் போட்டா கஸ்டம்ஸ் டூட்டியே இல்லாம அனுப்பிடலாம்னு சென்னை ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?

பதில்: அனுப்பலாம் தம்பி. அங்க வெச்சு ஓட்டத்தான் முடியாது.

கார்னெட்னா வண்டிக்கு பாஸ்போர்ட் மாதிரின்னு வெச்சுக்கோங்க, டூட்டி கட்டாம வண்டியைக் கொண்டுபோயிட்டு திருப்பிக் கொண்டு வந்துடணும், ஒரு வருஷம்தான் செல்லும், ஊர் சுத்திப் பாக்க வர்றவனுக்காக வந்த ஏற்பாடு அது. நீங்க போறது சம்பளத்துக்கு. கம்பெனி ரெசிடென்ஸ் விசா அடிச்சு எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்துட்டா நீங்க விருந்தாளி இல்ல, அந்த ஊர்க்காரர் கணக்கு. சரி, 5 பர்சென்ட் டூட்டியைக் கட்டி அங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிக்கிறேன்னு சொல்வீங்க. நம்ம வண்டிக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், அங்க அதை ரிஜிஸ்டர் பண்ண விடமாட்டாங்க. கதை அங்கயே முடிஞ்சுது.

ஏஜென்டுக்கு இது தெரியாதா என்ன? நல்லாவே தெரியும். கப்பல் கிளம்பினா அவர் வேலை முடிஞ்சுது, அவ்ளோதான். வாட்ஸ்அப்ல "ஆல் இன்க்ளூசிவ்"னு ஒரு ரேட் அனுப்பியிருப்பாரே, அது பெரும்பாலும் இந்தப் பக்கத்துச் செலவு மட்டும்தான், அங்க இறங்கினதும் வண்டியை விடுவிக்கிற டெலிவரி ஆர்டர், ஹேண்ட்லிங், வண்டி போர்ட்ல நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஸ்டோரேஜ்னு தனியா ஒரு பில் வரும், கேட்டா "அது அந்த ஊர் ஏஜென்ட் சார்"னுவார்.

இன்னொண்ணு, கார்னெட் சும்மா தரமாட்டாங்க, வண்டி மதிப்பு, போற நாட்டு டூட்டி ரெண்டையும் பாத்து பேங்க் கேரன்டி கேப்பாங்க. அந்த புக்ல ஒவ்வொரு ஷீட்டும் மூணு துண்டு. உள்ள போறப்ப கிழிக்க ஒண்ணு, வெளிய வர்றப்ப கிழிக்க ஒண்ணு, புக்லயே தங்குற அடிக்கட்டை ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வண்டியை ஒழுங்கா திருப்பிக் கொண்டு வந்துட்டார், ஆனா வெளிய வர்ற சீல் அடிக்காம விட்டுட்டாங்க. வண்டி அவர் வீட்டு வாசல்ல நிக்குது, கேரன்டியில கைய வெப்போம்னு நோட்டீஸ் வருது! சீல் அடிக்க மறந்தது ஆபீசர், மாசக்கணக்கா அலைஞ்சது இவர். நம்ம கஸ்டம்ஸும் சரி, அவங்க கஸ்டம்ஸும் சரி, வண்டியைப் பாக்கமாட்டாங்க, பேப்பரைத்தான் பாப்பாங்க.

இன்சூரன்ஸும் கூட வராது. நம்ம பாலிசியை எக்ஸ்ட்ரா கட்டி நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் வரைக்கும் நீட்டிக்கலாம், அதுலயும் கடல் பயணத்துக்கு கவர் கிடையாது.

நேபாளம்னதும் ஞாபகம் வருது, உங்க கான்ட்ராக்ட் அங்க இருந்திருந்தா பேச்சே வேற. கார்னெட் வேணாம், கப்பல் வேணாம், சோனௌலி இல்லாட்டி ரக்சால் பார்டர்ல ஆர்.சி., லைசென்ஸைக் காட்டி பன்சார்னு நாள் கணக்குல ஒரு கட்டணம் கட்டிட்டு நீங்களே ஓட்டிட்டுப் போயிடலாம். வலது பக்க ஸ்டீயரிங் அங்க பிரச்சனையே இல்ல. ஆனா வருஷத்துக்கு மொத்தம் 30 நாள்தான். அங்க நீர்மின் ப்ராஜெக்டுக்குப் போறவங்க இதைக் கேக்காமலே வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க, 31ஆவது நாள்தான் முழிக்கிறாங்க.

நீங்க துபாய்ல மாச வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக்கோங்க. கிரெட்டா வீட்லயே நிக்கட்டும், பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வைங்க, இன்சூரன்ஸ் ரின்யூவலை மட்டும் விட்டுடாதீங்க. ஏஜென்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சான்னு நீங்க எழுதல. குடுக்கலைன்னா குடுக்காதீங்க. குடுத்துட்டீங்கன்னா, வண்டியோட ஒரிஜினல் ஆர்.சி.யை முதல்ல திருப்பி வாங்குங்க, பணத்தை அப்புறம் கேளுங்க.