கேள்வி – பதில்: மழைக்கோடும் ஆட்டு ரோமமும்

கம்பளி நூற்பாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆஸ்திரேலியா பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: இந்தியாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய நாடு, மக்கள் மூன்று கோடிகூட இல்லை. அவ்வளவு நிலத்தையும் சும்மா போட்டுவிட்டு ஆடு மேய்க்கிறார்களே, உழுது பயிரிட்டால் என்ன? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தஞ்சாவூர்க்காரர் கேட்கிற கேள்விதான் இது! 76.9 லட்சம் சதுர கி.மீ. என்பது காகிதக் கணக்கு. மலை என்று சொல்லிக்கொள்ளக் கிழக்குக் கரையோரம் 3,500 கி.மீ. நீளத்துக்கு ஒரு தொடர் இருக்கிறது. நீளம் உண்டு, உயரம் இல்லை. அதன் உச்சியான கோஸியஸ்கோ 2,228 மீட்டர். நம் தொட்டபெட்டாவே அதைவிட உயரம். பசிபிக் கடலின் ஈரக்காற்று பெரும்பாலும் கரையோரச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடும். உள்ளே போகப் போக வறட்சிதான்.

உழுது பார்க்காமலும் இல்லை. 1865இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி. நில அளவைத் துறைத் தலைவர் ஜார்ஜ் காய்டர் குதிரையேறிப் புறப்பட்டார். என்ன செடி எங்கே முளைத்திருக்கிறது என்று பார்த்தே ஒரு கோட்டைக் குறித்தார். தெற்கே குட்டை யூகலிப்டஸ் புதர்கள்: அங்கே கோதுமை விதைக்கலாம். வடக்கே உவர்ப்புச் செடிகள்: அங்கே மேய்ச்சலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகள் நல்ல மழை பெய்ததும் அவரைக் கேலி பேசினார்கள். கலப்பை போகும் இடத்துக்கு மழை தானாக வரும் என்றுகூடச் சொன்னார்கள். அரசும் 1874இல் கோட்டைத் தாண்டிப் பயிரிட அனுமதித்தது. 1880களில் வானம் பொய்த்தது. குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். அவர்கள் கட்டிய கல் வீடுகள் ஹாக்கர், குவோர்ன் ஊர்ப் பக்கம் இன்றும் கூரையில்லாமல் நிற்கின்றன. நிலம் திரும்பவும் ஆட்டுக்கே போனது.

கேள்வி: மழை இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறு போடலாமே? (கோவை வாசகர்)

பதில்: கோவைக்காரரா இதைக் கேட்பது! போட்டார்கள். அந்நாட்டின் உட்பகுதிக்கு அடியில் 17 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று இருக்கிறது. 1878இல் பூர்க் ஊருக்கு அருகே துளையிட்டபோது மோட்டார் ஏதும் இல்லாமல் தண்ணீர் தானாகவே மேலே பொங்கியது. சுடச்சுட வரும், உப்பும் உண்டு. பெரும்பாலான இடங்களில் பயிருக்கு ஆகாது, ஆடு மாடு குடிக்கும். மூடி போடாமல் திறந்த வாய்க்காலில் மைல் கணக்கில் ஓடவிட்டார்கள். பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்கும் வெயிலுக்கும் போனது. 1999 முதல் மத்திய அரசும் மாநில அரசுகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு கிணறுகளுக்கு மூடி போட்டுக் குழாய் பதித்தன. ஒரு நூற்றாண்டு வீணடித்த பிறகு வந்த புத்தி.

கேள்வி: கம்பளி எல்லாம் ஒன்றுதானே? ஆஸ்திரேலியச் சரக்கில் அப்படி என்ன இருக்கிறது? (கரூர் வாசகி)

பதில்: ஒன்றே அல்ல, அம்மா. அங்கே பேர் பெற்றது மெரினோ. ஸ்பெயின் நாட்டு இனம். தென்னாப்பிரிக்காவின் கேப் வழியாக 1797இல் சிட்னிக்கு வந்து இறங்கியது. நுண்ணிய ரோமம், வறட்சியைத் தாங்கும் உடம்பு.

பொதியிலிருந்து ஒரு பிடி எடுத்தாலே நுனியில் ஒட்டிய தூசி பாதி விலாசத்தைச் சொல்லிவிடும். செம்புழுதி என்றால் நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதி போன்ற வறண்ட மேய்ச்சல் நிலம். வெளியே அழுக்கு, விரலால் பிரித்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் நெருக்கமான நெளிவுகள், கையெல்லாம் பிசுபிசுப்பு. எங்கள் ஆட்கள் ஒரு கற்றையின் அடியையும் நுனியையும் இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, ஒரு விரலால் சுண்டுவார்கள். வீணைத் தந்திபோல 'டங்' என்றால் எடுக்கலாம். பட்டென்று அறுந்தால் அந்த ஆடு நடுவில் சில வாரம் பட்டினி கிடந்திருக்கிறது. புல் இல்லாவிட்டாலும் ரோமம் வளர்வது நிற்காது, மெலிந்துபோகும். அறுந்த இடம் நுனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால், எந்தப் பருவத்தில் மழை பொய்த்தது என்றே சொல்லிவிடலாம். நடுவில் அறும் சரக்கு ஆலையில் சீவும்போது துண்டு துண்டாகும். அதனால் விலையும் குறைவு. இப்போது இதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் அளந்து எண்ணாகத் தருகிறது. நானோ இன்றும் சுண்டிப் பார்க்காமல் விலை பேசமாட்டேன்.

கேள்வி: ஆட்டு நாடு எப்படி இரும்புத்தாது நாடானது? (சேலம் வாசகர்)

பதில்: ஆட்டுக்காரனே தொடங்கிவைத்தான் என்றால் நம்புவீர்களா? 1883இல் மவுண்ட் கிப்ஸ் ஆட்டுப் பண்ணையில் வேலி சுற்றிப் பார்க்கும் வேலையில் இருந்த சார்லஸ் ராஸ்ப், குன்று ஒன்றில் கிடந்த கருங்கற்களை வெள்ளீயம் என்று நினைத்தார். அது வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் நிறைந்த புரோக்கன் ஹில். இன்றைய பெரும் சுரங்க நிறுவனமான பி.எச்.பி. 1885இல் பிறந்தது அங்கேதான்.

நிலம் மிகப் பழையது என்பதுதான் அடிப்படை. மேற்கே பில்பராவின் இரும்புப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். காலங்காலமாக வெயிலும் மழையும் அரித்ததில் கரைவதெல்லாம் கரைந்து, இரும்பு செறிந்த தாது மிஞ்சியது. வடக்கே வீபாவின் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் அப்படிச் சேர்ந்ததே. அதே அரிப்புதான் மண்ணின் சத்தையும் கொண்டுபோனது, குறிப்பாக பாஸ்பரஸை. ஆகவே நவ்ரு என்ற குட்டித் தீவைச் சுரண்டியெடுத்த பாஸ்பேட்டை ஆஸ்திரேலிய வயலிலும் மேய்ச்சலிலும் கொட்டினார்கள். நவ்ருவின் நடுப்பகுதி இன்று வெறும் கல்முட்கள். ஆஸ்திரேலியப் புல்வெளியின் பசுமையைப் புகழ்கிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இன்னொன்று: இரும்புத்தாது அதிகம் இல்லை என்று நினைத்து 1938இல் ஏற்றுமதியையே தடை செய்திருந்தார்கள். தடையைத் தளர்த்தியது 1960இல். இன்று உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்வது அவர்கள்தான்.

கேள்வி: அங்கே ஆடுகள் குறைந்துவிட்டனவாமே? (திருப்பூர் வாசகர்)

பதில்: ஆம். 1970இல் சுமார் 18 கோடி. இப்போது அதில் பாதிகூட இல்லை. பெரிய அடி 1991இல் விழுந்தது. கம்பளிக்குக் கிலோவுக்கு 870 சென்ட் என்று ஆதார விலை வைத்திருந்தார்கள். அந்த விலைக்கு வாங்க ஆளில்லாதபோது கம்பளி வாரியமே வாங்கிக் கிடங்கில் அடுக்கியது. பிப்ரவரியில் திட்டம் கவிழ்ந்தபோது 47 லட்சம் பொதிகள் தேங்கிக் கிடந்தன. விற்றுத் தீர்க்க 2001 ஆனது. லட்சக்கணக்கான ஆடுகளைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். ஆதார விலையே தவறு என்று நான் சொல்லமாட்டேன்; வாங்குகிறவன் முகத்தைப் பார்க்காமல் அதை ஏற்றிக்கொண்டே போனதுதான் தவறு. இன்று அவர்கள் கம்பளியில் பெரும்பங்கை சீனா ஒன்றே வாங்குகிறது. இதுவும் எனக்கு நிம்மதியாகப் படவில்லை.

கேள்வி: கம்பளி ஸ்வெட்டர் போட்டால் கழுத்தில் குத்துகிறது. ஒவ்வாமையா? (குன்னூர் வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை வளையாமல் தோலைக் குத்துகிறது. லேபிளில் மெரினோ என்றும் 19 மைக்ரான் அல்லது அதற்குக் கீழ் என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடத்தான். தடித்த ஸ்வெட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் உள்ளே காலர் வைத்த பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.