தண்ணியை நிறுத்தாமல் டெப் மாற்றலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறோம். பத்துக் காம்பரா லயம், அதாவது ஒரே கூரையில் வரிசையாகப் பத்து வீடு. மலைமேல் உள்ள டேங்கிலிருந்து எல்லாருக்கும் ஒரே லைனில்தான் தண்ணி வருகிறது. இஸ்தோப்புப் (முன் திண்ணை) பக்கத்து டெப் மூன்று மாதமாக ஒழுகுகிறது. புது வொஷர் போட்டும் இருபது நாளில் பழையபடி சொட்டுகிறது. புது டெப் வாங்கு, தண்ணி ஓடும்போதே கழற்றி மாட்டிவிடலாம் என்று டவுன் கடையில் சொன்னார்கள். மேலே இருக்கும் வால்வு துருப்பிடித்து அசையவே இல்லை. அதை அடைத்தால் பத்து வீட்டுக்கும் தண்ணி நின்றுவிடும் என்பதும் பயம். எந்த டெப் வாங்கலாம், எப்படி மாற்றுவது, அண்ணே?

பதில்: தங்கச்சி, ஓடும் தண்ணியில் மட்டும் டெப்பைக் கழற்றிவிடாதீர்கள். கடைக்காரர் சொன்னது பவுசர் தண்ணியை வீட்டுக்குப் பக்கத்து டேங்கில் நிரப்பிப் பிடிக்கிற இடத்துக்குச் சரியாக இருக்கலாம். நம்ம மலையில் கதை வேறு. டேங்க் 10 மீற்றர் உயரத்தில் இருந்தால், கீழே பைப்புக்குள் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். உங்கள் டேங்க் லயத்துக்கு 60 மீற்றர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். கழற்றிய அரை இஞ்சி வாயிலிருந்து ஏழெட்டுக் கிலோ பாரத்தின் விசையோடு தண்ணி தள்ளும். அதை எதிர்த்து ஈரக்கையால் புது டெப்பின் மரையைப் பிடிக்கப் பார்த்தால் மரை கோணலாக ஏறும். அதோடு சுவருக்குள் இருக்கும் பி.வி.சி. முட்டியும் (பைப் வளையும் இணைப்பு) வெடிக்கும். பிறகு நீங்கள் மாற்ற வேண்டியது டெப்பை அல்ல, சுவரை. பக்கத்தில் பிளக் பொயின்ற் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே டெப்புக்குக் காசு எடுத்து வைக்கும் முன் ஒரு வால்வுக்கு எடுத்து வையுங்கள். உங்கள் காம்பராவுக்குப் பிரிந்து வரும் பைப்பில், கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் உள்ளே இருக்கும் பந்து திரும்பி அடைக்கும் போல் வால்வு ஒன்றைப் போட்டுவிட்டால், இனி எந்தப் பழுதுக்கும் பத்து வீட்டைக் கேட்க வேண்டியதில்லை. கைப்பிடி பைப்போடு நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் அடைத்திருக்கிறது. பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும். கடையில் வெறுமனே ‘போல் வால்வு’ என்றால் டேங்குக்குள் மிதக்கும் பந்து வைத்ததை எடுத்துத் தரக்கூடும். ‘பைப் லைனுக்கு, கைப்பிடி வைத்தது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதேபோல, நம்ம பக்கம் குழாய்க்கும் பைப்தான், டெப்புக்கும் பைப்தான். கடையில் எது வேண்டுமோ அதன் பேரைச் சொல்லுங்கள். முடிந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அரை இஞ்சியா முக்கால் இஞ்சியா என்ற சந்தேகத்தில் பஸ் காசு இரண்டு தரம் போவது எனக்குப் பொறுக்காது.

இந்த வால்வைப் போடுவதற்கு ஒரே ஒரு தரம் மேல் வால்வை அடைத்துத்தான் ஆக வேண்டும். அங்கேதான் கவனம் தேவை. பண்டாரவளையில் நாங்கள் குடியிருந்தபோது அப்படித் துருவேறிய கேட் வால்வு (உள்ளே கதவு போல ஒரு தகடு இறங்கி அடைப்பது) ஒன்றை நான் பெரிய ஸ்பெனர் போட்டுத் திருகினேன். தண்டு முறிந்து கையோடு வந்தது, உள்ளே கதவு பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் அந்த வரிசையில் ஒரு வீட்டுக்கும் ஒழுங்காகத் தண்ணி இல்லை. கைக்குழந்தை இருந்த வீட்டுக்குத் தூரத்து ஊற்றுப் பீலியிலிருந்து நான் சுமந்து கொடுத்தேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதனால் சொல்கிறேன்: கையால் மட்டும் திருப்புங்கள். கொஞ்சம் அடைக்கும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று மாறி மாறி அசைத்தால் துரு மெல்ல இளகும். முழுக்க அடைத்த பிறகும் தண்ணி கசிந்தால், கதவு உட்காரும் இடத்தில் மணல் இருக்கும். சிறிது திறந்து தண்ணியை வேகமாக ஓடவிட்டு, மறுபடி அடைத்துப் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். குடிநீர்ச் சங்கத்திடமோ தோட்ட நிர்வாகத்திடமோ சொல்லி அதையே மாற்றச் சொல்வதுதான் வழி. அது பத்து வீட்டுச் சொத்து.

அடைக்கும் முன் எல்லா வீட்டுக்கும் போய், பீப்பாய்க்குள்ளும் வாளிக்குள்ளும் மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் பைப்புகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இதைப் பலரும் யோசிப்பதில்லை. மேலே அடைத்ததும் பைப்பில் இருக்கும் தண்ணி கீழ் வீட்டு டெப்பால் இறங்கும். அப்போது மேல் வீட்டுப் பைப் உறிஞ்சத் தொடங்கும். சாணி கரைத்த வாளியில் ஹோஸ் கிடந்தால் அந்தத் தண்ணி லைனுக்குள் ஏறும். பிறகு அதைத்தான் எல்லாரும் குடிக்க வேண்டி வரும்.

ஹோஸ்களை எடுத்த பிறகு மேலே அடைத்து, எல்லாவற்றிலும் கீழே இருக்கும் டெப்பைத் திறந்து லைன் வடியும்வரை காத்திருங்கள். பி.வி.சி. பைப்பை வாளால் நேராக அறுத்து, அறுத்த ஓரத்தின் பிசிறைச் சுரண்டி, ஈரத்தைத் துடைத்துப் பசை பூச வேண்டும். ஒட்டும்போது வால்வு திறந்த நிலையில் இருக்கட்டும். அடைத்திருந்தால் வழியும் பசை உள்ளே இருக்கும் பந்தைப் பிடித்துக்கொள்ளும். மூடுபனி நாளில் பசை இறுக நேரம் எடுக்கும். டின்னில் எழுதியதற்கு மேலேயே விடுங்கள். திரும்பத் தண்ணி விடும்போது மேல் வால்வை மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் வீட்டு டெப் ஒன்று திறந்திருந்தால் காற்று வெளியேறும். முதலில் வரும் கலங்கல் தண்ணியைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

அதன் பிறகு, புது வால்வை அடைத்துவிட்டுத்தான் டெப்பில் கை வைக்க வேண்டும். வொஷர் இருபது நாளில் போவதென்றால் குறை வொஷரில் இல்லை, அது போய் உட்காரும் பித்தளை வளையத்தில் இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், கீறல் நகத்தில் தட்டுப்படும். மழைக்குப் பிறகு வரும் மணல் செய்த வேலை. அப்படியென்றால் வொஷர் வாங்கிக்கொண்டே இருக்காமல் டெப்பை மாற்றிவிடுவது இலாபம். மினுக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் பாரம் இருக்கிறதா பாருங்கள். மரை வெட்டிய இடத்தைப் பாருங்கள். பித்தளை அங்கே மஞ்சளாகத் தெரியும், மலிவான கலப்பு உலோகம் சாம்பல் நிறமாக இருக்கும். உடம்பில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, வேண்டாம். மாட்டும் முன் புது வால்வைச் சற்றே திறந்து ஒரு வாளித் தண்ணியைத் திறந்த பைப்பால் ஓடவிட்டு, மணலைக் கழுவித் திரும்ப அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது வொஷரும் முதல் நாளே கீறுபடும். திரெட் டேப்பை மரை திருகும் பக்கமாகவே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே பிரிந்துவிடும்.

கேள்வி: நுவரெலியாவில் சொந்த வீடு. மீட்டரடியில் அடைத்த பிறகும் பாத்ரூம் டெப்பில் தண்ணி வந்துகொண்டே இருந்தது. வேலைக்கு வந்த பைப் பாஸ் தெரியாமல் கழற்றப் போய் அறை முழுக்கத் தண்ணி. மீட்டருக்கு முன்னால் இருக்கும் இன்னொன்றையும் அடைத்திருக்க வேண்டுமா?

பதில்: இல்லை ஐயா, அதைத் தொடவே வேண்டாம். மீட்டரும் அதற்கு முன்னால் இருப்பதும் உங்களுக்குத் தண்ணி தரும் சபையுடையவை. அங்கே ஒழுக்கு இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்; தேசிய நீர் வழங்கல் சபையின் தண்ணி என்றால் 1939க்கு அழையுங்கள். உங்களுக்கு வந்தது கூரைமேல் டேங்கின் தண்ணி. மீட்டரில் அடைத்தால் டேங்க் நிரம்புவது மட்டும்தான் நிற்கும், இருக்கும் 500 லீற்றரோ 1000 லீற்றரோ இறங்கிக்கொண்டுதான் இருக்கும். டேங்க் அடியிலிருந்து வெளியே வரும் பைப்பின் வால்வை அடையுங்கள். கீஸர் இருந்தால் அதன் சுவிட்சை முதலில் நிறுத்துங்கள். வேலை முடிந்து சுடுதண்ணி டெப்பில் காற்றில்லாமல் தண்ணி தொடர்ந்து வந்த பிறகுதான் திரும்பப் போட வேண்டும். தண்ணி இல்லாத கீஸரில் கரண்ட் ஏறினால் கொயில் எரிந்துவிடும்.

கேள்வி: சொட்டுச் சொட்டாகத்தானே ஒழுகுகிறது, அதற்காகச் செலவு செய்ய வேண்டுமா என்கிறார் வீட்டுக்காரர். (ஹட்டன் வாசகி)

பதில்: ஒரு கிளாஸை அடியில் வைத்து 10 நிமிடம் பாருங்கள், அக்கா. 200 மில்லிலீற்றர் சேர்ந்தால் நாளுக்கு 29 லீற்றர், மாதத்துக்கு 860 லீற்றருக்கு மேல். 1000 லீற்றர்தான் ஒரு யூனிட். கிளாஸை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வாங்கிய வால்வு மறுநாளே கசிந்தது. மாற்றித் தர முடியாது என்கிறார்கள். பில்லும் தரவில்லை.

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதலில் கசிவு மரையிலா உடம்பிலா என்று துடைத்துப் பாருங்கள். மரையில் என்றால் அது மாட்டிய குறை, கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. உடம்பிலோ கைப்பிடித் தண்டிலோ என்றால் கசிவதைப் போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அமைதியாகக் கேளுங்கள். மறுத்தால் 1977க்கு அழைத்து அதிகார சபையிடம் முறையிடுங்கள். முறைப்பாடு முடியும்வரை அந்த வால்வையும் அது வந்த பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள்.