ஏஏசி கல் சுவரில் கனமான திரைக்கம்பி: பெரிய பிளக் போட்டால் நிற்குமா?

கேள்வி: புதிதாகக் குடிவந்திருக்கும் வீட்டில் சுவர்கள் எல்லாம் எடை குறைந்த ஏஏசி கல்லில் கட்டியவை. படுக்கையறை ஜன்னலுக்கு, உள்துணி வைத்துத் தைத்த தடித்த திரைச்சீலை வாங்கினோம். கம்பியைத் தாங்கும் பிராக்கெட், ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் சொருகும் பிளக்கோடு இரண்டு முறை பெயர்ந்து வந்துவிட்டது. இன்னும் பெரிய பிளக் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. அதே வகையில் பெரிய பிளக்கை அடித்தால், அடுத்த முறை பெயரும்போது பள்ளமும் பெரிதாகும், அவ்வளவுதான். சுவரில் குறையில்லை. செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் ஏற்ற பிளக்கை ஏஏசி கல்லில் போட்டதுதான் குறை.

சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல் சேர்ந்த கலவையில் சிறிது அலுமினியத் தூளைப் போட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பிக் கலவை பொங்கும். அதை வெட்டி, உயர் அழுத்த நீராவியில் வேகவைத்து எடுப்பதுதான் ஏஏசி கல். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ இருக்கும். இந்தக் கல் சுமார் 600 கிலோதான். மீதி இடமெல்லாம் காற்றுக் குமிழி.

சாதாரண நைலான் பிளக், ஸ்க்ரூ ஏற ஏற விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிக்கும். செங்கல் அந்த நெருக்கலைத் தாங்கும். ஏஏசி கல்லிலோ குமிழிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தடுப்புகள் நொறுங்கிவிடும். முறுக்கும்போது இறுகியதுபோல இருக்கும். பிறகு ஆடத் தொடங்கும். பெயர்ந்து வந்த பிளக்கை எடுத்துப் பாருங்கள். அதன் பற்களுக்கிடையே வெளிறிய மாவு அப்பியிருக்கும். கல் நொறுங்கிய தூள்தான் அது.

திரையின் எடையைப் பார்த்துப் பலரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் அது அவ்வளவு பெரிதல்ல. 2 மீட்டர் அகல ஜன்னலுக்கு மடிப்போடு 4 மீட்டர் துணி, உயரம் 2.25 மீட்டர் என்றால் 9 சதுர மீட்டர். உள்துணியோடு சதுர மீட்டருக்கு 500 கிராம் வைத்தால் நாலரை கிலோ. கம்பியையும் சேர்த்து 6 கிலோ. இரண்டு பிராக்கெட்டுக்குத் தலா 3 கிலோ.

ஆனால் கம்பி சுவரை ஒட்டித் தொங்குவதில்லை. பிராக்கெட் 10 செ.மீ. வெளியே நீட்டியிருக்க, மேல் ஸ்க்ரூவுக்கும் தகட்டின் கீழ் விளிம்புக்கும் இடைவெளி 4 செ.மீ. என்று வையுங்கள். 3 கிலோ சுமை, மேல் ஸ்க்ரூவை ஏழரை கிலோ விசையோடு சுவரிலிருந்து வெளியே இழுக்கும். யாராவது திரையைப் பிடித்து வெடுக்கென்று 10 கிலோ விசையில் கீழே இழுத்தால், ஸ்க்ரூவில் மேலும் 25 கிலோ இழுப்பு சேரும். தினமும் காலையும் மாலையும் இந்த உலுக்கல்தான் உங்கள் பிராக்கெட்டைப் பெயர்த்தது.

எனவே முதலில், துளையிடப் போகும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னலுக்கு நேர் மேலே பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல், அதாவது மேல்சுவரைத் தாங்கும் குறுக்கு விட்டம், இருக்கும். ஜன்னலின் இரு பக்கமும் சிறிது தூரம் சுவருக்குள் ஓடும். பிராக்கெட் மறைக்கும் இடத்தில் மெல்லிய டிரில் பிட்டால், ஹாமர் முறையின் சுத்தியல் அடி இல்லாமல் ஒரு சோதனைத் துளை போடுங்கள். பூச்சைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மாவாகக் கொட்டினால் ஏஏசி கல். பிட் நகர மறுத்தால் கான்கிரீட். கான்கிரீட் என்றால் கவலையில்லை: ஹாமர் முறையில் துளையிட்டு வழக்கமான பிளக் போடலாம். உள்ளே இரும்புக் கம்பி தட்டினால் சற்றுத் தள்ளிப் போடுங்கள். ஆனால் எந்தத் துளைக்கும் முன்பாக அருகில் மின்குழாய் போகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே துளையிடவே வேண்டாம்.

ஏஏசி கல் என்றால் டிரில்லில் ஹாமரை அணைத்துவிடுங்கள். இது மிக முக்கியம். சுத்தியல் அடி துளையை அகலமாக்கி, உள்பக்கத்தையும் தளர்த்திவிடும். பிளக், ஏஏசி கல்லுக்கென்றே செய்ததாக இருக்கட்டும்: திருகு சுற்றுபோல அகன்ற இறக்கைகள் கொண்டது. அது விரிந்து நெருக்காமல், கல்லை வெட்டிக்கொண்டு பதியும். துளை அளவு பொட்டலத்தில் எழுதியிருப்பதுதான். அரை மில்லிமீட்டர்கூடக் கூட்டாதீர்கள். தூளை ஊதி வெளியேற்றிவிட்டுப் பிளக்கை அடியுங்கள்.

ஸ்க்ரூ நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூச்சு எதையும் தாங்காது. அதைத் தாண்டி, பிளக் முழுவதும் கல்லுக்குள் இருக்க வேண்டும். 3 மி.மீ. தகடு, 12 மி.மீ. பூச்சு, 55 மி.மீ. பிளக் என்றால் ஸ்க்ரூ சுமார் 80 மி.மீ. தேவை. திரைக்கம்பியோடு வரும் குட்டி ஸ்க்ரூக்களை ஒதுக்கி வையுங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்குங்கள். தகடு பதிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் சுவர் ஏற்கெனவே இரண்டு முறை பெயர்ந்திருப்பதால், நான் சொல்லும் வழி பலகை. 25 மி.மீ. கனம், 10 செ.மீ. அகலம் உள்ள நல்ல மரப்பலகையை ஜன்னலைவிட இருபுறமும் 25 செ.மீ. நீளமாக வெட்டி, 30 செ.மீ.க்கு ஒன்றாக, மேலும் கீழும் மாற்றி மாற்றி ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். நடுவில் உள்ளவை லிண்டலிலும் ஓரத்தில் உள்ளவை ஏஏசி கல்லிலும் பிடிக்கும். பிராக்கெட்டுகளைப் பலகையில் முடுக்குங்கள். ஒரு ஸ்க்ரூவில் விழுந்த இழுப்பு பலவற்றில் பரவும்; பலகையின் அகலமும் நெம்பலைக் குறைக்கும். சுவரின் நிறத்தையே அடித்தால் கண்ணை உறுத்தாது. நடுவிலும் ஒரு பிராக்கெட் கட்டாயம் வேண்டும். திரை மூடியிருக்கும்போது பாதிக்கும் மேற்பட்ட எடையை அதுதான் தாங்கும்.

அறையின் கூரை கான்கிரீட் தளமாக இருந்து, ஜன்னலும் அதை ஒட்டியிருந்தால், கூரையில் தொங்கவிடும் பிராக்கெட் இன்னும் எளிது. பிசின் நிரப்பும் கெமிக்கல் ஆங்கர் மோட்டார் பொருத்திய மிகக் கனமான திரைகளுக்குத்தான். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பழைய ஓட்டைகளில் மரக்கட்டையை அடித்துச் சொருகாதீர்கள். மரம் காய்ந்து சுருங்கும், அடியில் கல்லும் விரிசல் விடும். நொறுங்கிய தூளைச் சுரண்டி எடுத்து, உட்புறத்தை ஈரப்படுத்தி, பழுதுநீக்கும் கலவையால் அடையுங்கள். அந்த இடம் இனி ஸ்க்ரூவைத் தாங்காது. புதுத் துளை குறைந்தது 6 செ.மீ. தள்ளி இருக்கட்டும்.

திரை மாட்டி ஒரு மாதம் கழித்து, பலகையின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். முதலில் நுழையாத காகிதம் இப்போது நுழைந்தால், எந்த ஸ்க்ரூவுக்கு அருகில் என்று கண்டுபிடியுங்கள். அதை மேலும் முறுக்காமல், பக்கத்தில் இடம் விட்டு இன்னொன்று போடுங்கள்.