எந்த வேலை கூலியைத் தின்கிறது? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

கே: ஐயா, வயரிங் குத்தகை எடுக்கிறேன். கூலி போக லாபம் வருகிற மாதிரித்தான் விலை சொல்கிறேன். கையில் காசு நிற்பதில்லையே?

ப: சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுத்திருப்பீர்கள். மாதம் 2,600 வெள்ளி (ரிங்கிட்) வாங்குபவருக்கு 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 12.50. பலரும் கொட்டேஷனில் போடுவது இதைத்தான். ஆனால் இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) முதலாளி பங்கு 13 சதவீதம், அதாவது 338 வெள்ளி. சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சேர்ந்து சுமார் 50. மொத்தம் 2,988. அவர் காலையில் கடையில் கேபிள் ஏற்றி, லோரியில் செம்மோர் போய் இறங்கி, வேலையில் கை வைப்பது ஆறரை மணி நேரம்தான் என்றால், மணிக்கு ஏறக்குறைய 17.70 ஆகிவிடுகிறது. ஆண்டு விடுப்பும் பொது விடுமுறையும் இதில் இன்னும் சேரவில்லை. 200 மணி நேர வேலையில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் துண்டு விழும்.

கே: ஆட்கள் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று எழுத, மகன் எக்செலில் நாற்பது வேலைப் பிரிவு போட்டுக் கொடுத்திருக்கிறான். தேவையா?

ப: ஆறேழு போதும். குழாய் பதிப்பு, வயர் இழுப்பு, பொருத்துதல், சோதனை, பயணம். அப்புறம், திருத்த வேலைக்குக் கட்டாயம் ஒரு தனிப் பிரிவு. அதை வயர் இழுப்போடு கலந்துவிட்டால், யார் செய்த பிழைக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று கடைசிவரை தெரியாது. தோட்டத்தில் கிராணி (கணக்கப்பிள்ளை) செக்ரோலில், அதாவது ஆள்வாரியான வேலைப் பதிவேட்டில், எழுதியதும் இப்படித்தானே: எந்தப் பீல்டு, குலை வெட்டா, புல் வேலையா, உரமா.

கே: மழையில் ஆட்கள் சும்மா உட்கார்ந்த நேரம்?

ப: 'காத்திருப்பு' என்று தனியாக எழுதுங்கள். லாபம் கொழுத்த புரோஜெக்ட் தலையில் கட்டாதீர்கள்.

கே: ஓவர்டைம் செலவு எந்தப் புரோஜெக்டுக்கு?

ப: சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, மேலே சொன்னவருக்கு மணிக்கு 18.75. வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் என்றால் முழுக்க அவர் வேலைக்கே. பகலை வேறொரு வேலை விழுங்கியதால் மாலையில் நின்றார்கள் என்றால், கூடுதல் அரை மடங்கை அந்தப் பகல் வேலையில் ஏற்றுவதுதான் நியாயம். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் கிடையாது, சொக்சோ உண்டு. இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

கே: இந்த மணிக்கணக்கை எழுத ஆப் வாங்கலாமா?

ப: முதலில் வாட்ஸ்அப் போதும். கிளம்பும் முன் ஆளுக்கு ஒரு வரி: "லாட் 14, வயர் இழுப்பு 4, திருத்தம் 2." அன்றன்றைக்கே வர வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து யோசித்து எழுதினால் எல்லாருக்கும் எட்டு எட்டு மணி என்றுதான் வரும். அதை வைத்து அடுத்த விலையைச் சொல்லாதீர்கள்.