அரசாணை இருக்கிறது, சாவி யாரிடம்?

தமிழ்நாடு அரசுப் பணியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இப்போது இரண்டு அலுவலகங்களின் உள்ளகப் புகார் குழுவில், அதாவது வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழுவில், வெளி உறுப்பினர். அரசு அலுவலகங்களில் பெண்களுக்கான விதிகள் ஏன் காகிதத்திலேயே நின்றுவிடுகின்றன என்று கேட்டவர்களுக்குப் பதில்கள்.

மேடம், எங்கள் ஆபீசில் புகார் குழு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஓர் அலுவலகத்தில் உறுப்பினர் பட்டியல் பீரோவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. தலைவராகப் போட்டிருந்த அம்மா மாறுதலாகிப் போய் இரண்டு வருடம். ஆனால் 'குழு செயல்படுகிறது' என்று மேலே அறிக்கை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேர் வேலை செய்தாலே குழு வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அப்புறம் பாருங்கள், குழு தானாகப் பிறக்கும்.

அக்கா, மேலாளர் மீது புகார் கொடுத்தேன். "உன் நல்லதுக்குத்தான்" என்று என்னையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சரியா?

சரியே இல்லை. விசாரணை நடக்கும்போது உங்களை மாற்றலாம்தான். ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டு, குழு பரிந்துரைத்தால் மட்டும். அதேபோல அவரையும் மாற்றலாம். உங்கள் கணக்கில் கழிக்காமல் 3 மாதம் வரை விடுப்பும் தரலாம். நடப்பது வேறு. அவர் டெண்டர் ஃபைல் பார்க்கிறவர், அவர் இல்லாமல் பிரிவு ஓடாது என்பார்கள். நீங்கள் தபால் பிரிவு. யாரை நகர்த்துவது சுலபமோ அவரை நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். அடுத்து "பேசி முடிச்சுக்கோம்மா" என்று ஒருவர் வருவார். சமரசம் நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. பணம் வாங்கி முடிப்பது சட்டப்படி கூடாது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அதனால் புகாருக்குத் தேதி போட்ட ஒப்புகை வாங்கிவிட்டீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். (வெளி உறுப்பினருக்கு ஒரு நாள் படி 200 ரூபாய். நான் கடைசியாக எப்போது வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.)

மகப்பேறு விடுப்பு 12 மாதம். அந்த வேலையையும் நாங்கள்தான் பார்க்கிறோம். ஆண்களுக்கு இது அநியாயம் இல்லையா மேடம்?

உங்கள் கோபம் நியாயம்தான் தம்பி, ஆனால் அந்தப் பெண் மேல் ஏன்? 2021 ஜூலை முதல் விடுப்பை 12 மாதமாக உயர்த்தினார்கள். நான் பார்த்த பிரிவுகளில் அந்த நாற்காலிக்கு மாற்றாள் வரவில்லை. 'கூடுதல் பொறுப்பு' என்று பக்கத்து மேஜைக்கு ஃபைலைத் தள்ளியதோடு சரி. பிறகு புதிதாக ஆள் போடும்போது, "கல்யாணமான பொண்ணு வேண்டாம் சார், பையனா அனுப்புங்க" என்று போன் போகும். என் காதுபடவே போயிருக்கிறது. மாற்றாள் கேட்டு எழுதுங்கள், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.

அரசு வேலைவாய்ப்பில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு 1989-இலேயே வந்துவிட்டதே. மேல் பதவிகளில் ஏன் அவ்வளவு பெண்கள் இல்லை?

அந்த ஒதுக்கீடு உள்ளே நுழைவதற்கு. பதவி உயர்வு வந்தால் வெளி மாவட்டம். பிள்ளை பத்தாம் வகுப்பு, மாமியார் படுக்கையில். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மேடம், பெண்கள் கழிப்பறை எப்போதும் பூட்டிக் கிடக்கிறது. சாவி ஆண் உதவியாளர் மேஜை டிராயரில். ஒவ்வொரு தடவையும் கேட்கக் கூச்சம்.

எங்களுக்கும் இதே கதைதான். காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தோம். கடைசியில் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு சாவி வெட்டிக்கொண்டோம். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் பிரிவு கேட்டது. சில்லறைச் செலவில் போடுங்கள் என்றேன்.