நவம்பரில் காஷ்மீர்: மாமனாரின் ஆசையும் வானிலையும்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சினார் மரங்கள் சிவக்கும் நேரத்தில் காஷ்மீரைப் பார்க்க வேண்டும் என்பது மாமனாரின் பல வருட ஆசை. நவம்பர் முதல் வாரம் ஐந்து நாளில் ஸ்ரீநகர், குல்மார்க், சோன்மார்க், பஹல்காம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். திரும்பி வந்த மறுநாள் இரவு அவர்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட். "அங்கே எப்போது மழை, எப்போது பனி என்று யாருக்குத் தெரியும்? வயதானவர்களை இழுத்துக்கொண்டு அலையாதே" என்கிறார் கணவர். போகலாமா? – ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள்.

உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2018, 2019 இரண்டு வருடமும் நவம்பர் முதல் வாரத்திலேயே காஷ்மீரில் கடும் பனி விழுந்தது. பழத்தோட்டங்களில் இலை உதிராமல் நின்ற ஆப்பிள் மரங்கள் பாரம் தாங்காமல் முறிந்தன. ஆனாலும் அக்டோபரும் நவம்பரும்தான் அந்தப் பள்ளத்தாக்கில் பொதுவாக மழை குறைந்த மாதங்கள். இடையில் வானிலையைக் கெடுப்பது மேற்கத்திய இடையூறு எனப்படும் காற்றழுத்தச் சலனம். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து அது நகர்ந்து வர நாளாகும் என்பதால், வானிலைத் துறை சில நாள் முன்பே எச்சரித்துவிடும். ஒரு மாதம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. நான்கு நாள் முன்னால் ஓரளவு சொல்ல முடியும். அதற்கு ஏற்றபடி நெளிந்து கொடுக்கிற பயணமாக இருந்தால் போதும்.

முதலில் குல்மார்க், சோன்மார்க், பஹல்காம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். மாமனார் ஆசைப்பட்டது சினார். அது நன்றாக நிற்பது ஸ்ரீநகரிலும் அதைச் சுற்றியும்தான். குல்மார்க்கும் சோன்மார்க்கும் இன்னும் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பனி முதலில் மூடுவது அவற்றைத்தான், தினமும் காரில் மணிக்கணக்காக உட்கார வேண்டியதும் அவற்றுக்காகத்தான். ஐந்து நாளும் ஒரே ஓட்டலில் தங்குங்கள். நாள் தெளிவாக இருந்து பெரியவர்களுக்கும் தெம்பிருந்தால், ஒரு நாள் பஹல்காம் போகலாமா என்று அங்கே போய் முடிவு செய்யலாம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடி, அப்புறம் படிப்படியாகத் திறந்தார்கள். அதனால் எங்கே கிளம்பினாலும் ஓட்டலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய அன்றைக்கே வானம் தெளிந்திருந்தால் நசீம் பாக் போய்விடுங்கள். ஹஸ்ரத்பால் அருகே, காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் முகலாயர் காலத்துச் சினார் தோப்பு அது. தரை சமமாக இருக்கும், பெரியவர்கள் மெல்ல நடக்கலாம். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் இலையில் சிவப்பு ஏறும். காற்றோடு மழை அடித்தால் ஒரே இரவில் நிறைய உதிர்ந்துவிடும். அதனால் 'கடைசி நாள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம். உதிர்ந்துவிட்டாலும் மனம் விட வேண்டாம், கால் புதைய இலை கிடக்கும் தோப்பும் பார்க்க வேண்டிய காட்சிதான்.

நிஷாத் பாக் பன்னிரண்டு அடுக்குத் தோட்டம். மூட்டு வலி இருந்தால் கீழடுக்கில் உட்கார்ந்து தால் ஏரியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாலிமார் தோட்டத்தில் அவ்வளவு ஏற்றம் இல்லை. பாம்பூர் பக்கம் குங்குமப்பூ பூப்பதும் ஏறக்குறைய இதே வாரங்களில்தான். காலையிலேயே பறித்துவிடுவார்கள், சீக்கிரம் போக வேண்டும். மழை நாளில் அறையிலேயே இருங்கள். அதை வீணான நாளாக நினைக்காதீர்கள், எழுபது வயது உடம்புக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு எப்படியும் தேவை.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். காஷ்மீரிகளும் நம்மைப் போலச் சோறு சாப்பிடுகிறவர்கள். தயிரும் கிடைக்கும். தாமரைத் தண்டை அங்கே நத்ரு என்பார்கள், அதில் செய்யும் கறியை மாமியார் கட்டாயம் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

இரவுக் குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும். படகு வீட்டில் ஒரு மாலை போய் கஹ்வா என்கிற காஷ்மீர் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், தங்குவது ஹீட்டர் உள்ள ஓட்டலில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: புகாரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிய, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே எடுத்துவிடும்.

உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது அந்த சென்னை டிக்கெட். பனி விழுந்தால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும். அப்போது சாலையையும் நம்ப முடியாது, ராம்பன் பக்கம் மண் சரிந்து ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையே நின்றுபோகும். 2025 ஜூனில் கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடத் தொடங்கியது பெரிய ஆறுதல்தான். ஆனால் விமானம் ரத்தான அன்று எல்லோரும் அந்த வண்டிக்குத்தான் ஓடுவார்கள். ஆகவே பெரியவர்களின் டிக்கெட்டை மூன்று நாளாவது தள்ளிப்போடுங்கள். இதைச் செய்தால் உங்கள் கணவரின் பாதிக் கவலை தீர்ந்துவிடும். விடுப்பை மாற்ற முடியுமானால் அக்டோபர் கடைசி வாரத்துக்கு மாற்றுங்கள். நிறமும் இருக்கும், பனிக்கான வாய்ப்பும் கொஞ்சம் குறையும். முடியாவிட்டால் நவம்பரே இருக்கட்டும். தில்லியில் அந்த வாரம் புகைமூட்டத்தில் பெரியவர்கள் இருமிக்கொண்டு கிடப்பதற்கு, குளிராக இருந்தாலும் அங்கே இருப்பது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. மாமனாருடையது தமிழ்நாட்டு ப்ரீபெய்டாகத்தான் இருக்கும். உங்கள் இருவரில் ஒருவராவது கிளம்பும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஓட்டல் எண், டிரைவர் எண், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாமனாரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.