சிங்க் குளிசையும் அப்பாவின் இரத்த ரிப்போர்ட்டும்

கேள்வி:

டொக்டர், போன வருடம் என் மாமி உணவுக்குழாய்ப் புற்றுநோயால் காலமானார். வாழ்நாள் முழுக்க வெற்றிலை போட்டவர். மற்றப்படி ஒரு வருத்தமும் இல்லை. உடம்பில் சிங்க் குறைந்தால்தான் இந்தப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பயந்துபோய் பாமசியில் 220 மில்லிகிராம் சிங்க் சல்பேட் வாங்கி, 6 வயது மகள் உட்பட வீட்டில் ஐந்து பேருக்கும் தினமும் ஒன்று கொடுக்கிறேன். என் அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார், வயது 64. அவருக்கு இரும்புச்சத்துக் குறைவு, ஹீமோகுளோபின் 9.4. அயன் குளிசை போட்டுத் தேறி வருகிறார். சிங்க் எவ்வளவு காலம் கொடுக்கலாம்? செலீனியமும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் சிங்க் பற்றி இரண்டு பக்கம் இருந்தது, அப்பாவைப் பற்றி இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆகவே அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன், சிங்குக்குப் பிறகு வருகிறேன்.

வயது வந்த ஆணுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை என்கிறோம். 9.4 என்பது நன்றாகவே குறைவு. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் காரணம் பெரும்பாலும் கண் முன்னால் இருக்கும். 64 வயது ஆணுக்கு அப்படி இல்லை. "சரியாகச் சாப்பிடுவதில்லை, அதுதான்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் உடம்பு இரும்பு விஷயத்தில் பெரிய கஞ்சன். பழைய சிவப்பணுக்களை உடைத்து அதே இரும்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்குக் குடல் உறிஞ்ச வேண்டியது 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குடலுக்குள் எங்கோ ஒரு புண்ணிலிருந்து தினமும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 மில்லிகிராம் இரும்பு போய்விட்டது. வரவைவிடச் செலவு கூட. அந்த ஒரு தேக்கரண்டி மலத்தோடு கலந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாது. வலியும் இருக்காது. சில மாதத்தில் மனிதர் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவார், அவ்வளவுதான்.

நான் வார்டில் வேலை செய்த காலத்தில் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதும் ஒருவர் வந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உட்பக்கம் கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. எட்டு மாதமாக அயன் குளிசையைத் தானே வாங்கிப் போட்டிருக்கிறார். போட்டால் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தபோது பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது பக்கத்தில், கட்டி. அந்த இடத்தில் மலம் இன்னும் தண்ணீராக இருப்பதால் அடைப்பு வர வெகுகாலம் எடுக்கும். சத்தமில்லாமல் கசிந்துகொண்டே இருக்கும். அவர் தப்பினார். சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் என்னிடம் பவுன் விலை விசாரித்தார்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த வயதில் இரும்பு குறைந்து வருகிறவர்களைச் சோதித்தால், செமிபாட்டுத் தொகுதியில் புற்றுநோய் இருப்பது பத்துப் பேரில் ஒருவர் அளவில்தான். மற்றவர்களுக்கு இரைப்பைப் புண், இருதயத்துக்கு எடுக்கும் ஆஸ்பிரின், மூட்டு வலிக் குளிசை என்று வேறு காரணங்கள் அகப்படலாம். ஆனால் அந்த ஒருவர் யார் என்று பார்க்காமல் தெரியாது. மூலம் இருக்கிறது, அதிலிருந்துதான் இரத்தம் போகிறது என்று நீங்களே முடிவு கட்டுவதும் வேண்டாம்.

இங்கேதான் அயன் குளிசை ஆளை ஏமாற்றும். ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும், எல்லாருக்கும் நிம்மதி. ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். போதாக்குறைக்கு அந்தக் குளிசை மலத்தையே கறுப்பாக்கும். உள்ளே இரத்தம் கசிந்து மலம் கறுத்தாலும் "குளிசையால்தானே" என்று விட்டுவிடுவோம். அதற்காக நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். கமரா சோதனைக்குச் சில நாள் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள், அப்போது நிறுத்தினால் போதும். டொக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு: உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தச் சோதனை பார்த்தார்களா? மேலே வாய் வழியாகவும் கீழே மலவாசல் வழியாகவும் கமரா விட்டுப் பார்க்க வேண்டுமா? மேலே மட்டும் பார்த்து ஒரு சின்னப் புண்ணைக் கண்டதும் கீழே பார்க்காமல் விட்டுவிடுவது நல்லதல்ல.

அப்பா மாட்டேன் என்பார். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பதால் நம் கொழும்பில் "மகரகம" என்ற ஊர்ப் பெயரே ஒரு நோயின் பெயராகிவிட்டது, கமரா என்றாலே நேரே அங்கேதான் அனுப்பப்போகிறார்கள் என்று நினைப்பார்கள். "இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கத்தான்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். அது பொய்யும் அல்ல.

சரி, சிங்குக்கு வருவோம்.

வாட்ஸ்அப் செய்தி முழுப் புளுகு இல்லை. அதனால்தான் அது ஆபத்து. சிங்க் குறைந்த தீனி கொடுத்த எலிகளின் உணவுக்குழாய்த் தோலில் கலங்கள் தாறுமாறாகப் பெருகின. நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருளைக் கொடுத்தபோது அவற்றுக்குச் சுலபமாகக் கட்டி வந்தது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியன் என்ற இடம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பேர்போனது. அங்குள்ளவர்களின் உணவுக்குழாயிலிருந்து கிள்ளியெடுத்த இழையத்தில் சிங்க்கை அளந்து 2005இல் ஒரு ஆய்வு வந்தது. சிங்க் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் அந்தப் புற்றுநோய் வந்தது கணிசமாகக் குறைவு.

அப்படியென்றால் குளிசை கொடுத்தால் தடுக்கலாமே என்பீர்கள். அதையும் அதே லின்சியனில் செய்து பார்த்தார்கள். 1986 முதல் 1991 வரை, 29,584 பேர். சிங்க்கும் விற்றமின் ஏயும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் குறையவில்லை. செலீனியம், பீட்டா கரோட்டின், விற்றமின் ஈ மூன்றையும் பெற்றவர்களில் இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21 வீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் பழமும் இறைச்சியும் அரிதாகவே கண்ட, பல சத்துகள் ஒன்றாகக் குறைந்திருந்த மக்கள். பிறகு வட அமெரிக்காவில் நன்றாகச் சாப்பிடும் 35,533 ஆண்களை வைத்து, புரொஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று செலீனியத்தைச் சோதித்தார்கள். ஒரு நன்மையும் இல்லை. காய்ந்த பயிருக்குத் தண்ணீர் வேறு, நனைந்த பயிருக்குத் தண்ணீர் வேறு. வாரத்தில் நாலு நாள் மீன் ஆக்கும் வீட்டுக்குச் செலீனியக் குளிசை தேவையில்லை, மீனிலேயே அது தாராளம்.

உங்கள் கையிலிருக்கும் குளிசையைப் பாருங்கள். 220 மில்லிகிராம் என்பது சல்பேட்டின் நிறை. அதற்குள் இருக்கும் சிங்க் 50 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 8, ஆணுக்கு 11. பெரியவர்கள் நீண்ட காலத்துக்குத் தாண்டக் கூடாத எல்லை 40. உங்கள் 6 வயது மகளுக்கு அந்த எல்லை 12தான். அவளுக்கு நாலு மடங்கு போய்க்கொண்டிருக்கிறது! குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் 20 மில்லிகிராம் சிங்க் 10 முதல் 14 நாள் கொடுப்பது உண்டு. அது வைத்தியம், கணக்குப் போட்டு நிறுத்துவது. மாதக்கணக்கில் சிங்க் கூடினால் குடல் செம்பை உறிஞ்சாது. செம்பு குறைந்தால் என்ன வரும் தெரியுமா? இரத்தச்சோகை. உங்கள் அப்பாவுக்கு ஏற்கனவே இருப்பதன் மேல் இன்னொன்று. அயன் குளிசையும் சிங்க் குளிசையும் வெறும் வயிற்றில் ஒன்றாகப் போனால் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளும், அதுவும் இருக்கிறது. இன்றைக்கே ஐந்து பேருக்கும் நிறுத்துங்கள்.

மாமியின் நோய்க்குச் சிங்க்கைத் தேடிப் போக வேண்டியதே இல்லை, காரணம் வெற்றிலைத் தட்டிலேயே இருந்திருக்கலாம். புகையிலை மட்டும்தான் கெட்டது, பாக்கு தோஷமில்லை என்று நம் ஆட்கள் இன்னும் நம்புகிறார்கள். பாக்கே தனியாகப் புற்றுநோய்ப் பொருள்தான். வாயில் தொடங்கி உணவுக்குழாய் வரை அதன் வேலை நடக்கும். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணவுக்குழாய் தாங்காது.

குறைபாடு முன்னால் வந்து புற்றுநோய் பின்னால் வரும் ஒரு நிலையும் உண்டு, அது உங்களுக்காகச் சொல்வது. நீண்ட காலம் இரும்பு குறைந்த சில பெண்களுக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு வளரும், சோறு தொண்டையில் நிற்பதுபோல் இருக்கும். 1919இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூட. இப்போது அரிது. ஆனால் உங்களுக்கோ யாருக்கோ பாண் துண்டு இறங்கத் தண்ணீர் தேவைப்படத் தொடங்கினால், சிங்க்கும் வேண்டாம் இஞ்சிக் கஷாயமும் வேண்டாம், டொக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. பயறு, கௌபி, கடலையில் சிங்க் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டும் இருக்கிறது. இரவில் ஊறப்போட்டாலும் முளைக்கவிட்டாலும் அந்தப் பிடி தளரும். தோசை மா புளிப்பதும் அதே வேலைதான். நண்டு ஆக்கினால் சிங்க் நிறைய. முருங்கையிலை வறைக்கு இறக்கிய பின் தேசிக்காய் பிழியுங்கள், இரும்பு நன்றாக ஏறும். சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடித்தால் அந்த இரும்பு வீண், ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கிளினிக்குப் போகும்போது அயன் அட்டை, சிங்க் அட்டை, அப்பா மூட்டு வலிக்கென்று ஒளித்து வைத்திருக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். இன்னொன்று. அலுமாரியில் பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். கண் சத்திரசிகிச்சைக்கோ வேறெதற்கோ எடுத்தது, இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் ஹீமோகுளோபின் 14 என்றிருந்தால் அதை முதலில் டொக்டர் முன்னால் வையுங்கள்.